எதிர்த்திசைப் பயணம்: சென்னைப் புத்தகக் காட்சியும் எங்கள் கைக்கணக்கும்

ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை பிறந்துவிட்டால் இதழ்களில் ஒரு வகைக் கட்டுரை தவறாமல் தலைகாட்டும். விடுமுறைக் காலத்தில் குறைந்த செலவில் பெருநகருக்குப் போய்வருவது எப்படி என்பது அதன் பொருள். முன்கூட்டியே பயணச்சீட்டு எடுத்துவிடுங்கள். உறவினர் வீட்டில் தங்குங்கள். கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். அறிவுரை மூன்று, வண்ணப்படம் நான்கு, கட்டுரை முடிந்தது. அதே பருவத்தில் சென்னை இலக்கியக் கூட்டங்களில் இன்னொரு பேச்சும் எழும். தென்கோடி மாவட்டத்தார் புத்தகக் காட்சிக்கு வருவதே இல்லை, அங்கெல்லாம் வாசிப்பு வற்றிவிட்டது என்பார்கள். முதலாமவர் நமக்குச் சிக்கனம் கற்பிக்கிறார். இரண்டாமவர் நம் வாசிப்புக்கு இரங்கற்பா பாடுகிறார். இருவரில் எவரும் ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு விடுமுறையில் சென்னைக்குப் போய்த் திரும்பியவராக இருக்க முடியாது என்பது எங்கள் துணிபு.

நாங்கள் எழுவர். மாலையில் கூடிப் புத்தகம் பேசுகிறவர்கள் என்பதற்கு மேல் எங்களுக்கு அமைப்பென்றோ பெயர்ப்பலகையென்றோ ஏதுமில்லை. முப்பந்தல் காற்றாலையில் பராமரிப்பு வேலை பார்ப்பவர் ஒருவர், தோவாளைச் சந்தையில் பூ வணிகம் செய்பவர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், செங்கல் சூளையில் கணக்கெழுதுபவர் ஒருவர், இன்னும் மூவர். எல்லோருக்கும் மாதக் கடைசியில் கை வறளும். சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போவது எங்களுக்கு ஆண்டுக்கொரு முறை வரும் கனவு. சில ஆண்டுகளில் அது பலித்தது, பல ஆண்டுகளில் பலிக்கவில்லை. பலிக்காத ஆண்டுகளின் காரணத்தை எங்கள் ஆர்வக்குறைவில் தேடுகிறவர்களுக்கு எங்கள் கணக்கு நோட்டைத் திறந்து காட்டுவதென்று முடிவு செய்தோம்.

முதலில், எதற்காகப் போக வேண்டும் என்ற கேள்வி. இது சென்னையிலிருந்து வரும் கேள்வியன்று. எங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலேயே கேட்கப்படுவது. "லேய் மக்கா, புஸ்தகத்துக்க வெலைய விட வண்டிக்கூலி கூடுதலுன்னா, அதுக்கு என்னத்துக்குலே அங்க போணும்? போன்ல ஒரு தட்டு தட்டினா வீட்டு நடையில கொண்டு போட்டுட்டுப் போவானே" என்றார் ஓர் அண்ணாச்சி. நியாயமான கேள்வி. புத்தகக் காட்சியில் வழக்கமாகக் கிடைப்பது பத்து விழுக்காடு தள்ளுபடி. இரண்டாயிரம் ரூபாய்க்கு நூல் வாங்கினால் இருநூறு ரூபாய் மிச்சம். அந்த இருநூறைக் கொண்டு படுக்கை வகுப்பில் பாதி வழிகூடப் போக முடியாது. ஆகவே தள்ளுபடிக்காகப் போகிறோம் என்று எவராவது சொன்னால் அவருக்குக் கூட்டல் கழித்தல் தெரியாது என்றே பொருள்.

நாங்கள் போவது புரட்டிப் பார்ப்பதற்கு. ஆரல்வாய்மொழியில் இலக்கிய நூல் விற்கும் கடை இல்லை. நாகர்கோவில் போனால் சில கிடைக்கும். இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது என்கிறார்கள். உண்மைதான், பெயர் தெரிந்த எல்லாம் கிடைக்கிறது. பெயர் தெரியாத நூலை அங்கே எப்படித் தேடுவது? பேசப்பட்ட நூலையே மீண்டும் பேச வைக்கும் இயந்திரம் அது. ஒரு நூலைக் கையில் எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, அந்த நடையோடு நமக்கு ஒத்துப்போகுமா என்று பார்த்து, வேண்டாமென்று திரும்ப வைக்கும் உரிமை நகரத்து வாசகனுக்கு நாள்தோறும் இருக்கிறது. எங்களுக்கு அட்டைப்படத்தை நம்பிப் பணம் கட்டும் உரிமை மட்டும் இருக்கிறது. நந்தனத்தில் தொள்ளாயிரம் அரங்குகள் அளவுக்கு ஒரே கூரையின் கீழ் விரியும்போது, ஓர் ஓரத்து அரை அரங்கில் மூன்றே மூன்று நூல் வெளியிட்ட பதிப்பாளர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரைத் தேடித்தான் போகிறோம். வாயிலுக்கு வெளியே நடைபாதையில் விரித்திருக்கும் பழைய புத்தகக் கடைகளைத் தேடியும் போகிறோம். சில ஆண்டுகளில் உள்ளே வாங்கியதைவிட வெளியே வாங்கியது அதிகம்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். காலச்சுவடு பதிப்பகம் இருப்பது நாகர்கோவிலில். நாஞ்சில் நாடனும் சுந்தர ராமசாமியும் எங்கள் மாவட்டத்து மண்ணிலிருந்தும் தெருக்களிலிருந்தும் எழுதியவர்கள். நாகர்கோவிலிலிருந்து கட்டுக்கட்டாகச் சென்னைக்குப் போகும் நூல்களை, நாகர்கோவிலில் இரயில் ஏறிப் போய் நந்தனத்தில் கண்டு, வாங்கி, மீண்டும் நாகர்கோவிலுக்கே சுமந்து வருகிறோம். இதைச் சிரித்துக்கொண்டே செய்கிறோம். ஆனால் செய்யத்தான் செய்கிறோம்.

இனி அந்த மூன்று அறிவுரைகளுக்கு வருவோம்.

முன்கூட்டியே முன்பதிவு செய்யுங்கள் என்பது முதலாவது. 2024 நவம்பர் 1 முதல் இரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பொங்கலை ஒட்டிய ஒரு பயணத்துக்கு நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை எட்டு மணிக்குக் கணினியின் முன் உட்கார வேண்டும். உட்காரலாம். ஆனால் எந்த நாளுக்கு? புத்தகக் காட்சி என்று தொடங்குகிறது, என்று முடிகிறது என்பது தெரிந்தாலல்லவா நாள் குறிப்பது? 2024-இல் ஜனவரி 3 முதல் 21 வரை நடந்தது. அடுத்தது 2024 டிசம்பர் 27-இல் தொடங்கி 2025 ஜனவரி 12-இல், பொங்கலுக்கு முன்பே, முடிந்துவிட்டது. முந்தைய ஆண்டின் நாளை நம்பிப் பொங்கலன்று போயிருந்தால் நந்தனத்தில் பிரித்துப்போட்ட பந்தற்கால்களைத்தான் பார்த்திருப்போம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் 2016-இல் ஜூன் மாதம் தீவுத்திடலில் நடந்தது. கொரோனாக் காலத்தில் 2021-இலும் 2022-இலும் பிப்ரவரி, மார்ச் என்று தள்ளிப்போனது. வெள்ளத்தையும் நோயையும் நாங்கள் குறை சொல்லவில்லை. இயல்பான ஆண்டுகளிலும் தேதி இப்படி நகர்ந்துகொண்டிருந்தால் அறுபது நாளுக்கு முன் சீட்டெடுப்பவன் எதை வைத்து எடுப்பான் என்பதே கேள்வி. சென்னைவாசிக்கு இது பொருட்டே அன்று. அவன் தொடங்கிய பின் செய்தித்தாளில் பார்த்துவிட்டு மாலையில் கிளம்பலாம்.

தவறினால் தட்கல் இருக்கிறதே என்பார்கள். பயணத்துக்கு முந்தைய நாள் பதினொரு மணிக்குத் திறந்து, பெருமூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிடும் அந்தச் சூதாட்டத்தில் வென்றாலும், படுக்கை வகுப்புக்கு நூறிலிருந்து இருநூறு ரூபாய் வரை கூடுதல். உறுதியான சீட்டை நீக்கினால் பணம் திரும்பாது. மேற்படி பத்து விழுக்காடு தள்ளுபடி இங்கேயே போயிற்று. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை, ஆண்களுக்கு நாற்பதும் பெண்களுக்கு ஐம்பதும் விழுக்காடு, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது நிறுத்தப்பட்டதுதான். எங்களில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். அவர் அன்றிலிருந்து தம்மை இளைஞர் என்றே அறிமுகம் செய்துகொள்கிறார்.

வந்தே பாரத் இருக்கிறதே என்ற கேள்வியும் வரும். 2024 ஆகஸ்ட் 31 முதல் நாகர்கோவிலுக்கும் சென்னை எழும்பூருக்கும் இடையே ஓடுகிறது. நல்ல வண்டி, அதில் போகிறவர்கள் நலமாகப் போய்வரட்டும். படுக்கை வகுப்பின் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கொடுத்து, ஒரு பகலைச் செலவழித்து, இரவு வெகுநேரம் கழித்து எழும்பூரில் இறங்கினால், அன்றிரவுக்கு அறைவாடகை தனி. ஏழைப் பயணியின் கணக்கில் இரவு வண்டி என்பது ஊர்தி மட்டுமன்று, விடுதியும் அதுதான். இரண்டு இரவை வண்டியில் தூங்கிக் கழித்தால் இரண்டு பகல் கையில் கிடைக்கும். இதை அறியாதவர்கள் வேகத்தைப் பற்றி எங்களிடம் பேசுகிறார்கள்.

ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கென்று தனியாக ஒரு கூத்து உண்டு. எங்கள் ஊரில் இரயில் நிலையம் இருக்கிறது. திருநெல்வேலி - நாகர்கோவில் பாதை 1981-இல் திறக்கப்பட்டதிலிருந்து இருக்கிறது. இப்போது இரட்டைப் பாதையும் வந்துவிட்டது. சென்னை செல்லும் விரைவு வண்டிகளில் பெரும்பாலானவை மட்டும் நிற்பதில்லை. ஆகவே வடக்கே போக வேண்டிய நாங்கள் பேருந்தில் பதினைந்து கிலோமீட்டர் அளவு தென்மேற்கே நாகர்கோவில் போய், அங்கே வண்டியேறி, சற்று நேரத்தில் எங்கள் ஊர் நிலையத்தை எங்கள் கண்ணாலேயே கண்டு, கடந்து போகிறோம். கணவாயின் காற்று சன்னல் வழியே முகத்தில் அறையும். வீட்டிலிருப்பவர்களுக்குக் கையசைத்தால் தெரியும் தூரம். 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பியின் படையை வென்று ஆங்கிலேயர் இந்தக் கணவாய்க் கோட்டை வழியாகத்தான் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார்கள். அவர்களுக்கே அன்று இங்கே சற்று நின்றுதான் போக வேண்டியிருந்தது. 1956 நவம்பர் 1-இல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. எங்கள் நிலையமோ இன்றளவும் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருக்கிறது. எழுபது ஆண்டாகத் தலைநகர் சென்னை என்று எங்கள் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். அந்தத் தலைநகருக்குப் போகும் வண்டியை எங்கள் நடைமேடையில் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்பது பேராசையாகக் கருதப்படுகிறது.

உறவினர் வீட்டில் தங்குங்கள் என்பது இரண்டாவது அறிவுரை. இதை எழுதியவருக்கு உறவினர் இருக்கிறார்களா என்று ஐயமாக இருக்கிறது. பொங்கலுக்கு எங்கள் உறவினர் சென்னையில் இருப்பதில்லை. எங்கள் ஊருக்கு வந்துவிடுகிறார்கள்! அவர்கள் மடிப்பாக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு ஆரல்வாய்மொழியில் வந்து இறங்கும் நாளில், நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஊருக்குக் கிளம்பினால் அதற்கு என்ன பெயர் வைப்பது? அரையாண்டு விடுமுறையில் அவர்கள் இருந்தாலும், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நால்வர் குடியிருக்க, ஐந்தாவதாகப் போய்ப் படுப்பதற்கு மனம் ஒப்புவதில்லை. போனால் வெறுங்கையோடு போக முடியாது. ஒரு சீப்பு மட்டிப்பழம், இரண்டு கிலோ ஏத்தங்காய் உப்பேரி, அத்தை கொடுத்தனுப்பும் முந்திரிக்கொத்து என்று மூட்டை சேரும். அதன் விலையைக் கூட்டிப் பார்த்தால் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஓர் இரவு வாடகை தேறிவிடும். மேலும் உறவினர் வீட்டிலிருந்து காலையில் கிளம்பி இரவு ஒன்பதரைக்குப் புத்தகப் பையோடு திரும்புகிறவனை அந்த வீட்டார் பார்க்கும் பார்வைக்கு விலை போட முடியாது. "இதுக்குத்தானா வந்திய?" என்று கேட்கவும் மாட்டார்கள், கேட்டாலாவது பதில் சொல்லலாம்.

மூன்றாவது அறிவுரை, கூட்டமில்லாத பருவத்தில் போங்கள் என்பது. இதுதான் எல்லாவற்றிலும் அழகானது. புத்தகக் காட்சி இருக்கும்போதுதானே புத்தகக் காட்சிக்குப் போக முடியும்? ஆடி மாதத்தில் நந்தனம் மைதானத்தைப் பார்த்துவிட்டு வருவதற்கு நாங்கள் ஏன் போக வேண்டும்?

ஆனால் இந்த மூன்றாவது அறிவுரையை மறுக்க முயன்றபோதுதான் எங்களுக்கு ஓர் உண்மை பிடிபட்டது. பொங்கல் கூட்டம் என்று எல்லோரும் பேசுவது ஒரே திசையில் ஓடும் கூட்டம். போகிக்கு முந்தைய நாள்களில் அது சென்னையிலிருந்து தெற்கே வருகிறது. காணும் பொங்கலுக்குப் பின் தெற்கேயிருந்து சென்னைக்குப் போகிறது. ஆம்னிப் பேருந்துக் கட்டணம் ஏறுவதும் அந்தத் திசையில்தான். ஆயிரத்துச் சொச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த இருக்கைக்கு மூவாயிரத்துக்கு மேல் கேட்ட நாளில், அதே பேருந்தின் எதிர்ப்பயணத்துக்கு எழுநூறு ரூபாய்க்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிறப்பு இரயில்களும் அப்படியே: சென்னையிலிருந்து பிதுங்கி வருகிறது, திரும்பும்போது பெட்டி பெட்டியாகக் காலி. விடுமுறைப் பயண ஏற்பாடு முழுவதும், பயணம் செய்பவன் என்றால் சென்னையில் வாழ்ந்து ஊருக்குப் போகிறவன் என்ற ஒற்றை எண்ணத்தின் மேல் நிற்கிறது. ஊரில் வாழ்ந்து சென்னைக்குப் போகிறவன் ஒருவன் இருப்பான் என்று எவருக்கும் தோன்றவில்லை. தோன்றாததே எங்களுக்கு ஆதாயமாகவும் ஆயிற்று.

2024-இல் அப்படித்தான் போனோம். அவ்வாண்டு ஜனவரி 15 பொங்கல். 13-ஆம் நாள் மாலை நாகர்கோவிலில் வண்டியேறினோம். முன்பதிவு செய்த படுக்கைகளுக்கு எதிரே இரண்டு படுக்கை கடைசிவரை காலியாகவே வந்தன. மறுநாள் காலையில் தாம்பரத்தில் இறங்கிவிட்டோம். எழும்பூர் வரை போவது வீண். தாம்பரத்திலிருந்து மின்சார இரயிலில் சைதாப்பேட்டைக்குப் பத்து ரூபாய்க்கு மேல் ஆகாது, அங்கிருந்து நந்தனம் நடை தூரம். (பேருந்தில் வந்திருந்தால் கிளாம்பாக்கத்தில் இறங்கியிருப்போம். 2023 டிசம்பர் 30-இல் அந்த முனையம் திறந்தபோது தென்மாவட்டத்தாருக்கு வசதி என்றார்கள். முன்பு கோயம்பேட்டில், நகருக்குள் இறங்கியவர்களை வண்டலூருக்கருகே இறக்கிவிடுவது யாருக்கு வசதியென்று நாங்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்.) அன்று ஞாயிறு, அடுத்த நாள் பொங்கல், விடுமுறை நாள்களில் பதினொரு மணிக்கே காட்சி திறந்துவிடும். வேலை நாளென்றால் பிற்பகல் இரண்டுக்குத்தான். அப்படிப்பட்ட முற்பகலில் அருகிலேயே கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. காசில்லாமல் குளிரூட்டப்பட்ட கூடத்தில் உட்கார்ந்து படிக்கலாம். அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்க் கிளை நூலகத்தை நினைத்துக்கொள்வது உடல்நலத்துக்கு ஆகாது.

தலைக்கு ஆன செலவு இது: போக வர இரயில் கட்டணம் எண்ணூற்று அறுபது, நால்வர் பகிர்ந்துகொண்ட அறைக்கு முந்நூறு, இரண்டு நாள் உணவு முந்நூற்று எண்பது, உள்ளூர்ப் போக்குவரத்துத் தொண்ணூறு, நுழைவுச்சீட்டு இரண்டு நாளுக்கு இருபது. ஆகமொத்தம் ஆயிரத்து அறுநூற்று ஐம்பது. புத்தகம் ஆயிரத்து எண்ணூறு. உணவுச் செலவு இதில் அதிகமென்று படுகிறதா? ஒரு வேளை அம்மா உணவகத்தில் முடித்துக்கொண்டோம். ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய்ச் சாம்பார் சாதமும் உண்பதில் எங்களுக்கு நாணம் இல்லை. காட்சி வளாகத்துக்குள் தேநீரும் பஜ்ஜியும் சாப்பிட்டதில்தான் கணக்கு சறுக்கியது. அடுத்த முறை வீட்டிலிருந்து கட்டுச்சோறு என்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம்.

ஆக, குறைந்த செலவில் போய்வர முடியும். அறிவுரைக் கட்டுரை எழுதுபவர் இதோடு நிறுத்தி, 'பொங்கலன்று எதிர்த்திசையில் பயணம் செய்யுங்கள்' என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வார். நாங்கள் நிறுத்தப் போவதில்லை. எழுவரில் போனவர்கள் நால்வர் என்றோமல்லவா? மற்ற மூவர் ஏன் வரவில்லை?

பூ வணிகருக்குப் பொங்கல் வாரம் ஆண்டின் பெருவிற்பனை. தோவாளையில் அந்த வாரம் பிச்சிப்பூ விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவர் கடையை விட்டு நகர்ந்தால் ஆண்டே நகர்ந்துவிடும். எங்கள் கிறிஸ்தவ நண்பருக்கு ஜனவரி 14 வேறொரு நாள். 1752-இல் அந்நாளில்தான் எங்கள் ஊர்க் காற்றாடிமலையில் தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட பின் மலைக்கு வரும் கூட்டம் இன்னும் பெருகியிருக்கிறது. விருந்தினர் வரும் நாளில் அவர் வீட்டில் இல்லாதிருக்க முடியாது. மூன்றாமவர் ஆசிரியை. எங்கள் எழுவரில் அதிகம் படித்தவரும் கறாராகப் படிப்பவரும் அவரே. பள்ளி விடுமுறைதான், ஆனால் பொங்கலன்று பானை வைக்காமல் புத்தகம் பார்க்கப் போன மருமகள் என்ற பெயரோடு ஆரல்வாய்மொழியில் குடியிருப்பது எளிதன்று. போன நால்வரும் ஆண்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கணக்கை முடிப்பது பொய்க்கணக்கு. ஆசிரியை எங்களிடம் ஒரு பட்டியல் கொடுத்தனுப்பினார். பட்டியலில் இருந்ததையெல்லாம் வாங்கிவந்து கொடுத்தோம். நன்றி சொல்லிவிட்டு அவர் கேட்டார்: "பட்டியல்ல இல்லாதது என்னெல்லாம் இருந்துது அண்ணா?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் பார்த்தது எங்கள் கண்ணுக்குப் பட்டதை. அவர் கண்ணுக்குப் பட்டிருக்கக் கூடியதை அல்ல.

மலிவான பயணம் என்பது எந்த நாளில் மலிவு, அந்த நாளில் வீட்டை விட்டு நீங்க யாரால் முடியும் என்பதைப் பொறுத்தது. இதை எந்தப் பயணக் கட்டுரையும் எழுதுவதில்லை.

அதே ஆண்டு இறுதியில், டிசம்பர் 27-இல் காட்சி தொடங்கியபோது நடந்ததைக் கேளுங்கள். கிறிஸ்துமஸ் முடிந்திருந்தது. அரையாண்டு விடுமுறை நடந்துகொண்டிருந்தது. சென்னைக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்பே தெற்கே வந்துவிட்டார்கள். திரும்புவது புத்தாண்டை ஒட்டித்தான். 27 இரவு கிளம்பி, சனி ஞாயிறு இரண்டு நாளும் நந்தனத்தில் இருந்து, 29 இரவு திரும்பினோம். மீண்டும் எதிர்த்திசை, மீண்டும் அதே செலவு. ஆனால் இம்முறை அறுவர். ஆசிரியை வந்தார், தம் மகளையும் கூட்டிக்கொண்டு. நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் உள்ளூர்ச் செலவில் எங்களை அவர்கள் தோற்கடித்துவிட்டார்கள். கிறிஸ்தவ நண்பர் வந்தார். பூ வணிகர் மட்டும் வரவில்லை. மார்கழியில் கோயில்களுக்குப் பூ போக வேண்டும். ஆசிரியை முதல் நாள் மாலை முழுவதும் ஒன்றும் வாங்கவில்லை. அரங்கு அரங்காக நின்று படித்துக்கொண்டே நடந்தார். ஒரு சிறு பதிப்பாளரின் மேசையருகே அரைமணி நேரம் நின்றுவிட்டு நூலை வைத்துவிட்டு நகர்ந்தார். மறுநாள் திரும்பி வந்து அதே நூலை வாங்கினார். அது எந்த நூலென்று இங்கே எழுத வேண்டியதில்லை. நாங்கள் எவரும் அதன் பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்பது போதும்.

காட்சி ஒரு வாரம் முன்னே நகர்ந்ததும் எங்கள் ஊரிலிருந்து போகிறவர்கள் மாறிவிட்டார்கள். வாசிப்பு ஆர்வம் ஓராண்டுக்குள் பொங்கி எழுந்துவிடவில்லை. தென்கோடி வாசகன் வருவதில்லை என்று மேடையில் வருந்துகிறவர்கள் முதலில் நாள்காட்டியைப் பார்க்கட்டும்.

பதிப்பாளர்கள் தரப்பில் ஒரு மறுப்பு இருக்கும் என்று அறிவோம். பொங்கல் விடுமுறையில்தான் சென்னைக் குடும்பங்கள் குழந்தைகளோடு வருகின்றன, விற்பனை அப்போதுதான் சூடுபிடிக்கிறது என்பார்கள். இருக்கலாம். காட்சி அவர்களுடைய வாணிபமும்கூட. அரங்கு வாடகை கட்டுகிறவர் விற்றாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நடக்கும் காட்சி டிசம்பர் இறுதியில் தொடங்கினால் முதல் பகுதி எங்களுக்கும் பின்பகுதி அவர்களுக்கும் ஆகிவிடும் என்பதே எங்கள் வாதம். 1977-இல் தொடங்கிய ஒரு காட்சி, ஐம்பதாவது ஆண்டை நெருங்கும் வயதில், தன் தொடக்க நாளை நிலையாக வைத்துக்கொள்ள இயலாதா? டிசம்பரின் கடைசி வெள்ளி என்று வைத்துவிட்டால் போதும். அறுபது நாளுக்கு முன் அறிவிக்க வேண்டிய தேவையே எழாது. எங்கள் ஊர்த் தேருக்கும் திருவிழாவுக்கும் யாரும் அறிவிப்புக்காகக் காத்திருப்பதில்லை.

மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறதே, பிறகென்ன என்று இன்னொரு பக்கத்திலிருந்து கேட்பார்கள். 2022-23 முதல் தமிழக அரசு அதைச் செய்கிறது, நாகர்கோவிலிலும் நடந்தது. நல்ல செயல், நாங்கள் நாள் தவறாமல் போனோம். ஆனால் அங்கே வருவது எதைக் கொண்டுவந்தால் விற்கும் என்று பதிப்பாளர் கணித்தது. அரங்கு வாடகையும் லாரிக் கூலியும் கொடுத்து நாகர்கோவில் வர அந்த மூன்று நூல் பதிப்பாளரால் முடியாது. அவரைக் குறை சொல்வோமா? எங்களைப் போலவே அவரும் வண்டிக்கூலிக்குக் கணக்குப் பார்க்கிறவர். நூல்களுக்கென்று அஞ்சல் துறையில் இருந்த மலிவான பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது அவருக்கும் எங்களுக்கும் சேர்த்துத்தான் அடி விழுந்தது. 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. முந்நூறு கிராமுக்கு இருபது ரூபாயில் தொடங்கி ஐந்து கிலோவுக்கு நூறு ரூபாய் என்றார்கள். சென்னையில் வாங்கியதைத் தோளில் சுமக்காமல் அனுப்பிவிட அது உதவும். பாடப்புத்தகம்போல் ஐந்து கிலோ வாங்கும் வசதி எங்களுக்கு வரும்போது பயன்படுத்திக்கொள்வோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நோட்டில் அடுத்த பயணத்துக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். காற்றாலைக்காரருக்கு மார்கழியில் காற்று குறைவு, விடுப்புக் கிடைத்துவிடும். பூ வணிகர் இரண்டு நாள் கடையைத் தம் மைத்துனரிடம் விடலாமா என்று யோசிக்கிறார். ஆசிரியையின் மகள் தன் உண்டியலில் அறுநூற்று நாற்பது ரூபாய் சேர்ந்திருக்கிறது என்று தகவல் அனுப்பியிருக்கிறாள். பக்கத்தின் தலைப்பில் புறப்படும் நாள் என்று எழுதி, எதிரே இடம் விட்டிருக்கிறோம். அதை நிரப்ப வேண்டியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள்.